மூன்றுக்கு நான்கு, நான்குக்கு ஐந்து: நடைபேதப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் சனி, ஞாயிறு காலை வேளைகளில் மிருதங்கம் கற்பித்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள்; மீதிப்பேர் வேலைக்காக வந்து குடியேறி, முப்பது வயதைத் தாண்டிய பிறகு மிருதங்கத்தை மடியில் வைத்தவர்கள். பாட வரிசையில் நடைபேதம் (தாளத்தின் ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும், அதாவது ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும், வழக்கமான நான்குக்குப் பதில் மூன்று, ஐந்து, ஏழு என்று சொற்களை வைப்பது) வந்தவுடன் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள் என்பதால், வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

மேல்நாட்டு இசையில் பாலிரிதம் என்று சொல்வதும் நம்முடைய நடைபேதமும் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான் என்று சொல்லலாம், ஆனால் நம் முறையில் இரண்டு தாளவோட்டங்களில் ஒன்று பெரும்பாலும் ஓசையின்றி நடக்கும். கையில் எட்டு அட்சர ஆதி தாளம் சதுஸ்ர நடையில் (அட்சரத்துக்கு நான்காக) போய்க்கொண்டிருக்க, மிருதங்கம் ஒவ்வோர் அட்சரத்துக்கும் மூன்று அல்லது ஆறு சொற்களை வைத்து வாசித்தால், நான்கும் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன; ஒன்று தாளம் போடுபவரின் கையிலும் கேட்பவரின் மனத்திலும் இருக்கிறது, மற்றொன்று தோலில் ஒலிக்கிறது. மேல்நாட்டு டிரம்ஸ் கலைஞர் இரண்டையும் கேட்கும்படி வாசிப்பார். மிருதங்கத்திலும் வலந்தலையில் ஒன்றும் இடந்தலையில் ஒன்றுமாக அப்படி வாசிக்க முடியும், அதற்கான பயிற்சியைப் பின்னால் சொல்கிறேன்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் இரண்டு வண்டிகளின் இண்டிகேட்டர் விளக்குகளைக் கவனித்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் சேர்ந்து மின்னும், மெல்ல விலகும், மறுபடி எப்போதோ சேரும். ஒரு மாணவர் இதைத்தான் பாலிரிதம் என்று நினைத்திருந்தார். இண்டிகேட்டர்கள் எங்கே சேர வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே முடிவுசெய்யவில்லை. நடைபேதத்திலோ இரண்டு ஓட்டங்களும் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) சந்திப்பதாக முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு பிரிகின்றன. அந்தப் பேச்சு தவறினால் மிஞ்சுவது வெறும் குழப்பம்தான்.

சதுஸ்ர நடையில் தகதகிட, தகதகிட என்று ஐந்தைந்தாகப் பிரித்து வாசித்தால் அது கண்ட நடையா?

இல்லை. இந்த ஒன்று தெளிவாகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சதுஸ்ர நடையில் ஐந்தைந்தாகப் பிரிக்கும்போது சொற்களின் வேகம் மாறுவதில்லை. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை (உட்பிரிவு) என்பது அப்படியே இருக்கிறது, அழுத்தம் விழும் இடம் மட்டும் நகர்கிறது. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் 32 மாத்திரைகள் இருப்பதால், ஆறு தகதகிடக்கள் 30 மாத்திரைகளை எடுத்துக்கொள்ள, மிச்சம் இரண்டைத் தகவென்று நிரப்பிச் சமம் சேரலாம். கண்ட நடையில் சொல்லின் வேகமே மாறுகிறது. ஒவ்வோர் அட்சரத்திலும் ஐந்து மாத்திரைகள், ஆகவே அதே ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) 40 மாத்திரைகள் அடங்குகின்றன. முன்னதில் ஒவ்வொரு தகதகிடவும் தாளத்தின் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். பின்னதில் ஒவ்வொன்றும் தட்டின் மேலேயே தொடங்கும்.

காதால் பிரித்தறிய எளிய வழி, தட்டுக்குத் தட்டு முதல் எழுத்து 'த' விழுகிறதா என்று பார்ப்பது. இரண்டையும் மாற்றி மாற்றி வாயால் சொல்லிப் பழகுங்கள். முன்னதில் கணக்கு தெரிய வேண்டும், பின்னதில் காலம் தெரிய வேண்டும். கணக்கில் கெட்டிக்காரர்களான பொறியாளர் மாணவர்கள் முன்னதை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டுப் பின்னதில் மாதக்கணக்கில் தடுமாறுவதை இந்த ஊரில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மூன்றுக்கு நான்கை எங்கிருந்து தொடங்குவது?

வாயிலிருந்து. மிருதங்கத்தை உறையிலேயே இருக்க விடுங்கள்.

மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான எண் 12. ஆகவே பன்னிரண்டு மாத்திரைகளைச் சீராகச் சொல்ல வேண்டும். முதலில் தகிட என்பதை நான்கு முறை சொல்லுங்கள்: தகிட தகிட தகிட தகிட. வேகம் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்துக் கேட்கும்படி இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு நான்கு எழுத்துக்கும் ஒருமுறை தொடையில் தட்டுங்கள். முதல் தகிடவில் 'த' மேல் தட்டு விழும், இரண்டாவதில் 'கி' மேல், மூன்றாவதில் 'ட' மேல். நான்காவது தகிட தட்டே இல்லாமல் கடந்துபோகும், அடுத்த சுற்றின் 'த' மேல் மறுபடி தட்டு வந்து அமரும். வாயில் நான்கு, கையில் மூன்று. முதல் நாளில் நான்காவது தகிடவின் மேல் கை தானாகவே விழப்பார்க்கும். அந்தக் கையை அடக்கி வைப்பதுதான் அன்றைய பாடம்.

மறுநாள் தலைகீழாக. தகதிமி என்பதை மூன்று முறை சொல்லி, மூன்று எழுத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். முதல் தகதிமியில் 'த' மேலும் 'மி' மேலும், இரண்டாவதில் 'தி' மேல், மூன்றாவதில் 'க' மேல் தட்டு விழும். தட்டு விழும் எழுத்துகளை மட்டும் சேர்த்துப் படித்தால் த, மி, தி, க என்று வரும், அதாவது தகதிமியின் முதல் எழுத்துக்குப் பிறகு மற்றவை பின்னாலிருந்து முன்னாக வருகின்றன. இந்தக் கோலத்தைப் பார்த்தவுடன் குழந்தைகள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இதைப் பலகையில் எழுதிக் காட்டுவேன்.

இரண்டும் வாயில் பழகிய பிறகு கைகளுக்கு வாருங்கள். பன்னிரண்டில் 1, 4, 7, 10 ஆகிய இடங்களை வலது கைக்கும், 1, 5, 9 ஆகிய இடங்களை இடது கைக்கும் கொடுங்கள். சேர்ந்து ஒலிப்பது இப்படி அமையும்: இரண்டு கையும், வலது, இடது, வலது, இடது, வலது. இடைவெளிகளோ 3, 1, 2, 2, 1, 3. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. வலந்தலையில் 'நம்', இடந்தலையில் 'தொம்' என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஓட்டங்களும் காதில் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு பக்கமும் மூடிய சொல்லாக வைத்தால் எது எங்கே விழுகிறது என்பது உங்களுக்கே தெரியாது.

நிமிடத்துக்கு எத்தனை தட்டு வேகத்தில் பழகுவது? மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் போதாதா?

போதாது. என் வகுப்பில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) மாறும்போது அதே நடைபேதம் அதே பொருளாக இருப்பதில்லை. எண்ண வேண்டிய அலகு மாறிவிடுகிறது.

மேலே சொன்ன மூன்றுக்கு நான்கை ஓர் அட்சரத்துக்குள் அடக்கி வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 40 தட்டு என்றால் ஓர் அட்சரம் ஒன்றரை விநாடி. பன்னிரண்டில் ஒரு பங்கு 125 மில்லி விநாடி. அந்த இடைவெளி காதுக்குத் தாராளமாகக் கேட்கும், வலது இடது என்று கை எண்ணிக்கொண்டே போகலாம். 60 தட்டில் அதே பங்கு 83 மில்லி விநாடியாகக் குறைகிறது. 120 தட்டுக்கு வந்துவிட்டால் 42 மில்லி விநாடிகூட முழுதாக இல்லை. 4, 5 ஆகிய இடங்களில் அடுத்தடுத்து விழும் வலதும் இடதும் ஒரே தட்டு தடித்துக் கேட்பதுபோல் ஆகிவிடும். அந்த வேகத்தில் பன்னிரண்டை எண்ணிக்கொண்டிருப்பவரால் வாசிக்கவே முடியாது. அங்கே முழுக் கோலத்தையும் ஒரே சொல்லாகக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும், எண்ணிக்கை சமத்தில் மட்டும்தான்.

ஆகவே விளம்பத்தில் (மெதுவான காலத்தில்) மாத்திரையை எண்ணுங்கள். மத்திமத்தில் (நடுத்தரக் காலத்தில்) மாத்திரையை விட்டுவிட்டுத் தகிட, தகதிமி என்ற கட்டுகளை எண்ணுங்கள். துரிதத்தில் (விரைவான காலத்தில்) கட்டையும் விட்டுவிட்டுத் தட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரோநோமை இரண்டிரண்டு தட்டாக ஏற்றிக்கொண்டே போகும் மாணவர் விளம்பத்தில் எண்ணிய அதே முறையை 90 வரை சுமந்துகொண்டு போகிறார். பிறகு ஓரிடத்தில் சட்டென்று எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. கையில் வேகம் போதவில்லை என்று அவர் நினைக்கிறார், ஆனால் அவருடைய கைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சொல்லித்தரும் முறை 40, 60, 90 என்ற மூன்று காலங்களை முதல் நாளிலிருந்தே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பாடங்களாக எடுப்பது. ஒரே நாளில் மூன்றையும் தொட வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏணி வைக்கக் கூடாது.

விளம்ப காலத்தில் கை ஓடிவிடுகிறதே, ஏன்?

இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்துப் பயப்படுவதால்தான். 40 தட்டில் திஸ்ரத்தின் (அட்சரத்துக்கு மூன்று) ஒவ்வோர் எழுத்துக்கும் அரை விநாடி இருக்கிறது. அந்த அரை விநாடியை மனத்துக்குள் எதையாவது சொல்லி நிரப்பாதவர் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுவார். தகிடவை வாசிக்கும்போது உள்ளே ஒவ்வோர் எழுத்தையும் இரண்டாகப் பிரித்து, ஆறாகவே சொல்லிக்கொண்டிருங்கள். கை மூன்று, மனம் ஆறு.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் சதுஸ்ரத்தில் சர்வலகு (கணக்குப் போடாமல் நடையை மட்டும் சீராக ஓட்டும் வாசிப்பு), இரண்டு ஆவர்த்தனம் திஸ்ரத்தில் சர்வலகு, மறுபடி சதுஸ்ரத்துக்குத் திரும்புங்கள். அட்சரத்துக்கு ஆறு மாத்திரையாகத் திஸ்ரத்தை எடுத்தால், சதுஸ்ரத்தைவிட ஒன்றரை மடங்கு வேகம். எல்லோரும் திஸ்ரத்துக்குள் நுழையும் இடத்தையே உற்றுக் கேட்கிறார்கள். ஆனால் பிழை பெரும்பாலும் தெரிவது திரும்பிவரும் முதல் தகதிமியில்தான். கையில் திஸ்ரத்தின் வேகம் ஒட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு தகதிமி மட்டும் முந்திவிட்டு, அடுத்த தட்டுக்காகத் தயங்கி நிற்கும்.

துரித காலத்தில் மிஸ்ரம் வாசிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

முடியாதென்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 120 தட்டில் அட்சரத்துக்கு ஏழு என்றால் விநாடிக்குப் 14 சொற்கள். அதைத் தெளிவாக வாசிக்கும் கைகள் இருக்கின்றன, ஆனால் கேட்பவருக்கு அது நடையாகத் தெரியாமல் வெறும் இரைச்சலாகவே சேரும். அங்கே கீழ்க்காலத்துக்கு இறங்குவதுதான் முறை: இரண்டு அட்சரங்களுக்கு ஏழு.

இதில் ஒரு சிக்கல், இரண்டாவது தட்டு எந்தச் சொல்லின் மேலும் விழாது. தகிடதகதிமி என்ற ஏழு எழுத்துகளை இரண்டு அட்சரங்களில் பரப்பினால், இரண்டாவது தட்டு நான்காம் எழுத்தான 'த'வுக்கும் ஐந்தாம் எழுத்தான 'க'வுக்கும் சரியாக நடுவே விழும். அந்த நடுவைப் பிடிக்க, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மாத்திரை கொடுத்து மெதுவாகச் சொல்லிப்பாருங்கள்: தா கீ டா தா கா தீ மீ. மொத்தம் 14 மாத்திரை. எட்டாவது மாத்திரையில், அதாவது இரண்டாம் 'தா'வின் கார்வையில் (நீட்டிய பகுதியில்), தட்டு விழ வேண்டும். அந்தக் கார்வையில் தட்டை வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு எந்த வேகத்திலும் தடுமாற்றம் இருக்காது. கண்டத்தை இப்படிப் பரப்பும்போது தட்டு தகதகிடவின் மூன்றாம் எழுத்துக்கும் நான்காம் எழுத்துக்கும் நடுவே, மூன்றாம் எழுத்தின் கார்வையில் விழும்.

கண்டம், மிஸ்ரம் வாசிக்கும்போது ஆசிரியர் 'நடை நிற்கவில்லை' என்கிறார். எதைச் சொல்கிறார்?

அநேகமாக நீங்கள் ஏழை எட்டாக வாசிக்கிறீர்கள். சதுஸ்ரத்தின் மேல்காலமாகிய எட்டு நம் கையில் ஊறியிருப்பதால், மிஸ்ரம் என்று சொல்லிக்கொண்டே எட்டின் வேகத்தில் ஏழு எழுத்துகளைச் சொல்லிவிட்டு, எட்டாவது இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வது மிகப் பொதுவான பழக்கம். ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக வந்து சேர்வதால் வாசிப்பவருக்குப் பிழை தெரிவதில்லை. அதுபோலவே கண்டம் ஆறாகிவிடும், கடைசி 'ட' மட்டும் நீண்டுகொண்டு.

கண்டுபிடிக்க, எழுத்துகளை நீக்கிவிட்டு ஒரே சொல்லால், எல்லாம் 'தி' அல்லது எல்லாம் 'நம்' என்று, அழுத்தமே இல்லாமல் வாசித்துப் பதிவுசெய்து கேளுங்கள். சொற்கட்டு மறைத்துவைக்கும் நொண்டல் ஒரே சொல்லில் அப்பட்டமாகத் தெரியும். தொலைபேசியின் பதிவு போதும்.

எந்த வரிசையில் கற்பது?

திஸ்ரம், கண்டம், மிஸ்ரம். சங்கீர்ணத்துக்கு அவசரம் வேண்டாம். ஒன்பதை நான்கும் ஐந்துமாகக் கேட்கக் காது தயாரான பிறகு அது தானாகவே வரும்.

கண்டத்துக்கு வரும்போது மூன்றுக்கு நான்கில் செய்த அதே வாய்ப்பயிற்சியை இருபது மாத்திரைகளுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். தகதகிடவை நான்கு முறை சொல்லி, நான்கு எழுத்துக்கு ஒரு தட்டு வைத்தால், முதல் தகதகிடவில் முதல் எழுத்தின் மேலும் ஐந்தாம் எழுத்தின் மேலும், பிறகு நான்காம் எழுத்தின் மேல், மூன்றாம் எழுத்தின் மேல், இரண்டாம் எழுத்தின் மேல் என்று தட்டு ஒவ்வோர் எழுத்தாகப் பின்வாங்கிக்கொண்டே வரும்.

கொன்னக்கோல் (சொற்கட்டுகளை வாயால் சொல்வது) கட்டாயமா?

ஆம். வாயில் வராதது கையில் வராது என்பதை மறுத்துப் பார்க்க நினைத்தவர்கள் எல்லோரும் ஆறு மாதத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மெட்ரோநோம் செயலியை வைத்துப் பழகலாமா?

பழகலாம், ஆனால் ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஒலிக்கும்படி வைத்தால் அது ஊன்றுகோலாகிவிடும். முதல் வாரத்தில் அட்சரத்துக்கு ஒன்று. அடுத்து இரண்டு அட்சரத்துக்கு ஒன்று. பிறகு ஆவர்த்தனத்துக்கு ஒன்று, சமத்தில் மட்டும். 60 தட்டுக் காலத்தில் ஆதி தாளத்தின் சமம் எட்டு விநாடிக்கு ஒருமுறை வரும். அந்த எட்டு விநாடி நீங்கள் தனியாக நடக்க வேண்டிய தூரம். செயலிகள் சிலவற்றில் திஸ்ரம், கண்டம் என்று உட்பிரிவுகளையும் ஒலிக்கச்செய்யும் வசதி இருக்கிறது; அதை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. உட்பிரிவை உண்டாக்குவது உங்கள் வேலை, அதையும் கருவி செய்துவிட்டால் நீங்கள் கூடவே தட்டுகிறவர் மட்டும்தான்.

செயலியைவிட நல்லது, ஒருவரைத் தாளம் போடச் சொல்லி எதிரே உட்காரவைப்பது. மனிதக் கை கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் ஓடும். மேடையில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அந்தக் கைதான்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். இந்த முறை எனக்குப் பயன்படுமா?

தாராளமாக. இந்த ஊரில் அந்தப் பரிமாற்றத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கர்நாடக காலேஜ் ஆஃப் பெர்கஷன், 1980-களில் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் இணைந்து வாசித்துப் பதிவுசெய்திருக்கிறது. நம் சொற்கட்டுகளின் வசதி என்னவென்றால், எண்களைப் போல அவை நாக்கைத் தடுக்குவதில்லை. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று துரிதத்தில் எண்ணிப்பாருங்கள், தகிட என்று சொல்லிப்பாருங்கள், வேறுபாடு உடனே விளங்கும். காலில் மூன்று, கையில் நான்கு என்று பிரித்துக்கொண்டு, வாயில் தகிடவைச் சொல்லிப் பழகுங்கள். தபலா வாசிப்பவர்களோடு சேர வேண்டிவந்தால் அவர்கள் ஆட் என்று சொல்வது ஒன்றரை மடங்கு, குஆட் ஒன்றேகால் மடங்கு, பிஆட் ஒன்றேமுக்கால் மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அவை முறையே திஸ்ரம், கண்டம், மிஸ்ரம்.

ஒரே கோர்வையை (கணக்கிட்டுக் கட்டிய சொற்தொகுப்பை) இரண்டு நடைகளில் வாசிக்க எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு நடைகளின் எண்ணாலும் வகுபடும் மாத்திரைத் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும், அது தாளத்தோடும் ஒத்துவர வேண்டும். ஆதி தாளத்துக்கு 96 மாத்திரையில் ஒரு கோர்வை செய்தால், சதுஸ்ரத்தில் அது 24 அட்சரங்களை, அதாவது மூன்று ஆவர்த்தனங்களை எடுக்கும். அட்சரத்துக்கு ஆறாகத் திஸ்ரத்தில் வாசித்தால் 16 அட்சரங்களில், இரண்டு ஆவர்த்தனங்களில் முடியும். சமத்தில் எடுத்து, ஐந்து ஆவர்த்தனங்களில் சமத்திலேயே முடிந்துவிடுகிறது.

மோராவுக்கு (முடிவாக வாசிக்கும் முத்தாய்ப்புக்கு) வந்தால் எடுக்கும் இடம்தான் சுவை. 40 மாத்திரை மோராவைக் கண்ட நடையில் வாசித்தால் சரியாக ஓர் ஆவர்த்தனம். அதையே சதுஸ்ரத்தில் வாசிக்க 10 அட்சரங்கள் வேண்டும் என்பதால், முந்தைய ஆவர்த்தனத்தின் ஏழாவது அட்சரத்தில், இரண்டாவது துருதத்தின் (தட்டும் வீச்சுமான இரண்டு அட்சரப் பகுதியின்) தட்டில் எடுக்க வேண்டும். முதலில் அங்கே எடுத்துச் சதுஸ்ரத்தில் வாசித்துச் சமத்துக்கு வந்து, உடனே அதே சொற்களைக் கண்டத்தில் வாசித்தால், எண்ணத் தெரியாத ரசிகருக்கும் ஏதோ இறுகியது புரியும்.

தாள வாத்தியத்தில் புதுக்கோட்டை வழி (பரம்பரை) கணக்குக்குப் பேர்போனது. கஞ்சிராக் கலைஞர் மாமூண்டியா பிள்ளையிலிருந்து, இடது கைப் பழக்கமுடைய மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை அந்த வழியின் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பழனியின் பதிவுகளைக் கேட்பவருக்கு முதலில் வந்து சேர்வது நாதம்தான். பன்னிரண்டு நிமிடத் தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதியில்) மூன்று நடைகளை நுழைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆவர்த்தனம்கூடச் சர்வலகு வாசிக்காமல் கணக்குக்குத் தாவும் இளைஞர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நடை நின்ற பிறகுதான் அதில் கணக்கு நிற்கும்.

கச்சேரியில் எப்போது நடை மாற்றலாம்?

பாட்டின் நடுவில் பாடகர் கேட்காமல் மாற்றாதீர்கள். தனி ஆவர்த்தனத்தில் மாற்றுங்கள், அதுவும் அன்றைக்கு அமைந்த காலப்பிரமாணத்தைப் பார்த்துவிட்டு.

என் கதையையே சொல்கிறேன். ராமநவமிக் காலத்தில் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பந்தல். அப்படி ஒரு சிறிய பந்தலில் வாசிக்கப் போயிருந்தேன். வீட்டில் 60 தட்டில் கண்ட நடைத் தனியை ஒரு மாதம் பழகியிருந்தேன். அன்று பாடகருக்குக் குரல் நன்றாகப் பேசியது, கிருதி 80-ஐ நெருங்கும் காலத்தில் அமர்ந்துவிட்டது. நான் அதைக் கவனிக்காமல், பழகியதை அப்படியே எடுத்தேன். 60-இல் விநாடிக்கு ஐந்து சொற்களாக இருந்தது, இங்கே ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. கண்டம் என் கையில் மெல்ல மெல்ல ஆறின் பக்கம் சாய்ந்தது. மோராவின் கடைசித் தகதகிட சமத்துக்கு ஒரு மாத்திரை தள்ளி விழுந்தது. பாடகர் தாளக்கையை ஒரு நொடி காற்றில் நிறுத்தி, நான் விழுந்த இடத்தையே சமமாக்கினார். பந்தலில் கைதட்டினார்கள். முன் வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் தட்டவில்லை, என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து கிருதியின் சரணத்திலேயே, சர்வலகு வாசித்துக்கொண்டே, மனத்துக்குள் ஒரு தகதகிடவை அந்தக் காலத்தில் ஓட்டிப்பார்த்துக்கொள்வேன். அது நெருடினால் அன்றைக்குக் கண்டம் கிடையாது, அல்லது கீழ்க்காலத்தில்தான்.

இன்னொன்று, கடமோ கஞ்சிராவோ உடன் இருந்தால், எந்த நடை என்பதை மேடையேறும் முன்பே சொல்லிவிடுங்கள். சக கலைஞரைத் திகைக்கவைத்துச் சமாளிக்க விடுவதை வித்வத் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மழைக்காலத்தில் கருவி வேறுவிதமாக நடந்துகொள்கிறதே, அது லயத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் வலந்தலை தளர்ந்து சுருதி இறங்கும், விரல் எழும்பும் துள்ளலும் குறையும். துள்ளல் குறைந்த தோலில் துரிதச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றுக்கு நான்கில் அந்த ஒரே ஒரு மாத்திரை இடைவெளிதான் முதலில் மறையும். மண்ணால் ஆன கடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சொற்கள் நறுக்கென்று விழுவதால், வலது இடது பயிற்சியை எங்காவது ஒரு கடத்தில் வாசித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மிருதங்கத்தில் மட்டும் பழகுபவர்கள் அடைமழை நாளில் காலத்தைப் பத்துத் தட்டு குறைத்துக்கொள்ளட்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் ஆட்சேபிக்கிறார்கள். எப்படிப் பழகுவது?

இந்தப் பக்கத்தில் சொன்ன பயிற்சிகளில் பெரும்பகுதிக்கு வாயும் தொடையும் போதும். நான்காக மடித்த துண்டின் மேல் வாசித்தாலும் ஆகும். துண்டில் துள்ளல் இல்லாததால் விரல்கள் தாமாகவே எழும்பக் கற்றுக்கொள்ளும், மறுநாள் தோலில் வாசிக்கும்போது கை லேசாக இருக்கும். மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டுவரை போய்வரும் ஒரு மாணவி, நின்றுகொண்டே, பையின் வாரில் விரல்களால் மூன்றுக்கு நான்கைப் பழகி முடித்தார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

நடைபேதத்துக்கு மட்டும் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் வாய், ஐந்து நிமிடம் 40 தட்டில் கை, மீதி ஐந்து நிமிடம் மற்ற இரண்டு காலங்களில். களைப்பாக இருக்கும் நாளில் 90-ஐ விட்டுவிடுங்கள், 40-ஐ விடாதீர்கள்.